பூண்டாளா, பூண்டாளோ

இராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடிக் கவிதை வாசிக்கிறோம். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் ஆங்கிலத்தில் எழுதிய 'லீடாவும் அன்னமும்' கவிதையைத் தமிழாக்கித் தருவதாக நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். 1923இல் எழுதப்பட்டு 1924இல் அச்சேறிய, 14 அடிகளே கொண்ட கவிதை அது. மூன்று வாரங்கள் கடந்தும் கடைசி வினா எனக்கு முடியவில்லை.

லீடா, ஸ்பார்த்தா நாட்டு அரசன் டிண்டாரியஸின் மனைவி. கிரேக்கக் கடவுளரின் தலைவனான சியூஸ் அன்ன வடிவில் வந்து அவளைச் சேர்ந்தான், அவள் ஹெலனைப் பெற்றாள் என்று புராணச் சுருக்கங்கள் சொல்லிவிட்டுப் போகும். 'சேர்ந்தான்' என்ற அந்தச் சொல்லுக்குள் மறைந்து கிடப்பதை யேட்ஸ் 'திடீரென ஓர் அடி' என்று முதல் சொற்களிலேயே வெளியே இழுத்துப் போடுகிறார். பெரிய சிறகுகள் அடித்துக்கொண்டிருக்க, ஒரு பெண் தள்ளாடுகிறாள். அவளுடைய பிடரி அலகின் பிடியில் இருக்கிறது. நடந்தது வன்முறை என்பதில் கவிதைக்கு எந்த ஐயமும் இல்லை.

தமிழில் முதல் இடர் 'அன்னம்' என்ற சொல்லே. நமக்கு அன்னம் என்றால் நடையழகு, பாலையும் நீரையும் பிரிக்கும் அறிவு, நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போன பறவை. இத்தனை மென்மையைச் சுமந்த சொல்லால் பிடரியைக் கவ்வும் அலகை எப்படிக் காட்டுவது? அடுத்தது திணை. பறவை என்பதால் முதல் வரைவில் 'அது' என்றே எழுதியிருந்தேன். கூட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி அதை வாசித்துவிட்டு, "அதுன்னு எழுதினா ஏதோ விலங்கு செஞ்ச காரியம் ஆயிடும் அக்கா, யாரையும் கேள்வி கேக்க முடியாது" என்றாள். அவள் சொன்னது சரி. எல்லா இடத்திலும் 'அவன்' என்று திருத்தினேன்.

இரண்டாம் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு வினாக்கள் வருகின்றன. அஞ்சி நடுங்கும் விரல்கள் எப்படித் தள்ள முடியும், அழுத்தப்பட்ட உடல் அந்த அந்நிய நெஞ்சின் துடிப்பை உணராமல் எப்படி இருக்க முடியும் என்பவை அவை. இவற்றை லீடாவின் இசைவுக்கான குறிப்பாக வாசிப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'எப்படித் தள்ள முடியும்' என்று நம் தெருவில் ஒருத்தி சொன்னால், முடியவில்லை என்றுதான் எவரும் பொருள் கொள்வோம். உடல் உணர்வதும் மனம் இசைவதும் ஒன்றல்ல.

பிறகு இடிந்த மதில், எரியும் கூரை, கோபுரம் என்று பின்னாளில் ஹெலனை முன்னிட்டு நடந்த போரில் டிராய் நகரம் அழிந்தது ஒரே மூச்சில் வருகிறது. 'அகமெம்னான் மாண்டான்' என்ற இடத்தில் 11ஆம் அடி நடுவிலேயே முறிந்து போகிறது. டிராய்மீது படையெடுத்த கிரேக்கர்களின் தலைவனான அவன்தான் கவிதைக்குள் பெயர் பெறும் ஒரே ஆள். அவனைக் கொன்ற அவன் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் லீடாவின் மகள்தான், ஆனால் அவள் பெயர் இல்லை. லீடாவின் பெயரே தலைப்பைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்தக் கடைசி வினா: அலட்சியமான அந்த அலகு தன்னைக் கீழே விடுமுன், அவனது ஆற்றலோடு அவனது அறிவையும் அவள் பூண்டாளா? இதை வாசித்ததும் கூட்டத்தில் அகலிகையின் பேச்சு வந்தது. வந்தவன் இந்திரன் என்று வான்மீகியின் அகலிகைக்குத் தெரியும். கம்பனின் அகலிகை இடையில் உணர்கிறாள். "தெரிஞ்சுதான் இருந்தாளான்னு எப்பவும் அவகிட்டதானே கேக்குறாங்க" என்று மூத்த தோழி ஒருவர் கசப்போடு சொன்னார். அவருடைய கசப்பு எனக்குப் புரிகிறது. என்றாலும் இரண்டு அறிதலும் வேறு என்றே நினைக்கிறேன். அகலிகையிடம் கேட்கப்படுவது, வந்தவன் யார் என்று தெரியுமா என்பது. லீடாவைக் குறித்துக் கேட்கப்படுவதோ, இதனால் எரியப்போகும் நகரத்தை அவளும் ஒரு கணம் கண்டாளா என்பது.

தொல்காப்பியம் ஓகாரத்துக்குச் சொல்லும் ஆறு பொருள்களில் வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு. 'பூண்டாளோ' என்று எழுதினால் இல்லை என்ற விடை பாதி ஒலித்துவிடுகிறது. யேட்ஸ் அந்தப் பாதியைக்கூடத் தரவில்லை. ஆகவே 'பூண்டாளா' என்றே வைத்திருக்கிறேன். அலகு அவளை 'நழுவவிடுமுன்' என்பதா, 'போட்டுவிடுமுன்' என்பதா என்று இரண்டையும் இன்னும் மாறி மாறி உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.