மலாலாவின் அம்மா

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் காட்டிய ஆவணப்படம், 2015-இல் டேவிஸ் குகன்ஹைம் எடுத்த ‘ஹி நேம்டு மீ மலாலா’. பாகிஸ்தானில் பெண்கள் படிக்க வேண்டும் என்று பேசியதற்காகத் தாலிபான்கள் சுட்ட மலாலாவின் கதை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். கணக்கு ஆசிரியரிடம் கேட்டு அவருடைய பாடவேளையையும் வாங்கிக்கொண்டேன். ஹைடெக் லேப் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். புரியாத இடங்களில் நிறுத்தித் தமிழில் சொன்னேன். 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வேனை மறித்து மலாலாவைச் சுட்டதைச் சொன்னபோது ஒரு சத்தம் இல்லை. இரண்டு பெண்கள் அழுதே விட்டார்கள்.

படம் முடிந்ததும் ஒருத்தி எழுந்து சொன்னாள்: “பாவம் டீச்சர் அந்த ஊர்ப் பொண்ணுங்க. நல்லவேளை, நம்ம ஊர்ல இப்படியெல்லாம் இல்ல.”

அந்தப் பதில் வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் மீது தப்பில்லை. நான்தான் துப்பாக்கியை மட்டும் பெரிதாகக் காட்டிவிட்டேன். எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. மேல்நிலைப் பள்ளி பதினோரு கிலோமீட்டர். முந்தைய ஆண்டு பத்தாவது பாஸான பெண்களில் மூன்று பேர் எங்கேயும் சேரவில்லை. பஸ் பாஸ் இலவசம், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் கிடைக்கும். ஆனால் சாயங்கால பஸ் ஊருக்குள் வர ஏழு மணி ஆகும். அந்த மூன்று பேரையும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு அதே படத்தைத்தான் போட்டேன். மலாலாவின் அம்மா தூர் பெக்காய் திரையில் வந்ததும் நிறுத்தி, அவர் கதையைச் சொன்னேன். ஆறு வயதில் பள்ளிக்கூடம் போனார். வகுப்பு முழுக்கப் பையன்கள், அவர் ஒருவர்தான் பெண். வீட்டில் யாரும் போகாதே என்று தடுக்கவில்லை. மற்ற பெண்பிள்ளைகள் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்க, தான் மட்டும் ஏன் போக வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. புத்தகங்களை விற்று மிட்டாய் வாங்கித் தின்றார், அத்தோடு சரி. யாரும் சுடவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஆனாலும் படிப்பு நின்றது.

“இப்ப அங்க எல்லாம் சரியாயிடுச்சா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். பாகிஸ்தானைப் பற்றிக் கேட்டான். நான் பக்கத்து ஆப்கானிஸ்தானையும் சேர்த்துச் சொன்னேன். 2022 மார்ச் 23 அன்று, பள்ளி திறக்கிறது என்று நம்பிப் பையோடு வந்த பெரிய வகுப்புப் பெண்களைச் சில மணி நேரத்திலேயே தாலிபான்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அங்கே பெண்களுக்குப் பள்ளி இல்லை. அப்புறம் நம் கல்வி உரிமைச் சட்டத்தைச் சொன்னேன். 2009-இல் வந்தது, ஆறிலிருந்து பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. அதாவது எட்டாம் வகுப்பு வரை. “அப்ப நாங்க?” என்றாள் முன்வரிசைப் பெண். நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்பு அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்றேன். அந்த வரம்பு எனக்கு என்றைக்குமே ஏற்புடையதாக இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். பாட்டி, அம்மா, அத்தை, அக்கா; எதுவரை படித்தார்கள், ஏன் நின்றது. மறுநாள் கரும்பலகை நிறைந்துவிட்டது. ‘வயசுக்கு வந்துட்டாங்க’, ‘பஸ் இல்ல’, ‘தம்பியப் பாத்துக்க’, ‘கல்யாணம்’. ஒருத்தி தன் அம்மாவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையே கொண்டு வந்திருந்தாள். மடித்த இடத்தில் கிழிந்து, பின்னால் செல்லோ டேப் ஒட்டிப் பழுப்பேறியிருந்தது. கணக்கில் 94. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது, சோறாக்க ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அப்போது எட்டாவது படித்த மாமாவின் படிப்பு நிற்கவில்லை. “பீரோல புடவைக்கு அடியில வெச்சிருக்காங்க டீச்சர். பத்திரமாத் திருப்பிக் கொண்டு வரணும்னு சொன்னாங்க.” வகுப்பில் எல்லார் கைக்கும் போனது அந்தத் தாள். ஒருவரும் வேகமாகப் பிடிக்கவில்லை.

பையன் ஒருவன் அக்கா என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். மதியம் தனியே வந்தான். “அக்கா பாஸாகி ரெண்டு வருஷம் ஆகுது. டி.சி.கூட வாங்கல டீச்சர்.” அலுவலகத்தில் தேடினேன். அந்த மூன்று பெண்களில் ஒருத்தி.

தலைமையாசிரியையும் நானும் டி.சி.யை எடுத்துக்கொண்டு சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண் கதவோரமாக நின்றாள். அவள் அப்பா நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

“சாயங்கால பஸ்ஸு இப்பவும் ஏழு மணிக்குத்தானே டீச்சர் வருது?”

ஆமாம் என்றேன்.

“இருட்டுல ஸ்டாப்புல யாராவது நிக்கணுமே.”

“நான் போய் நிக்கிறேன்பா” என்றான் பையன்.