எர்லி டிசிஷனும் வீட்டுக் கணக்கும்

நியூஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் மாணவர்களின் கல்லூரி விண்ணப்பங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆலோசகர் வேலை எனக்கு. செப்டம்பர் பிறந்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, எர்லி டிசிஷன் போடலாமா என்பதுதான். கூட வரும் அப்பா அம்மாவும் எந்தக் கல்லூரி, எவ்வளவு சான்ஸ், எஸ்ஸேயில் என்ன எழுதலாம் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை, பிள்ளை முன்னால் எடுக்கவே மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நவம்பர் 1 அல்லது 15க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் இந்த வழியில் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் கட்டாயம் வருகிறேன் என்று எழுதிக் கொடுப்பது எர்லி டிசிஷன். டிசம்பர் நடுவில் பதில் வரும். இடம் கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் வாபஸ் வாங்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பென், டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு வகுப்பில் ஏறக்குறைய பாதி இந்த வழியிலேயே நிரம்பிவிடுகிறது, தேர்வாகும் விகிதமும் கூடுதலாகத் தெரிகிறது. அந்த விகிதத்துக்குள் விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் அது காதில் விழாமல் போகிறது.

தமிழ்ப் பெற்றோர்கள் பலர் சொல்வது, "முதல்ல சீட் கிடைக்கட்டும் மேடம், பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்." இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் சீட்டை வாங்கிவிட்டு அப்புறம் பேங்க் லோனுக்கு அலைந்து படித்து முன்னுக்கு வந்தவர்கள் இவர்கள். அங்கே ஃபீஸ் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். இங்கே ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் கட்டுவது வெவ்வேறு தொகை. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைய. அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது உறுதியாகத் தெரிவது சீட் கிடைத்த பிறகுதான், அதாவது வேறு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களோடு ஒப்பிடும் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகு.

குடும்பத்தின் தேவை, அதாவது செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பகுதி, முழுவதையும் ஈடுகட்டுகிறோம் என்று கல்லூரி சொல்லும்போது அந்தத் தேவையைக் கணக்குப் போடுவதும் அதே கல்லூரிதான். மத்திய அரசின் நிதி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைக் கேட்கிறது. அந்த வருடம் கம்பெனி கொடுத்த பங்குகள் கைக்கு வந்திருந்தால் வருமானம் வீங்கித் தெரியும், இன்றைக்கு அந்த வேலையே இல்லை என்றாலும். ஊரில் வாங்கிப் போட்ட ஃபிளாட்டையும் சொத்தாகக் காட்டத்தான் வேண்டும். பல தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் படிவம் இன்னும் ஒரு படி மேலே போய், குடியிருக்கும் வீட்டின் மதிப்பு, அதில் மீதமிருக்கும் கடன் வரை கேட்கும், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மாதாமாதம் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கும் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கும் ஃபாஃப்சாவில் இடமே கிடையாது. சிஎஸ்எஸ்ஸில் விளக்கம் எழுத ஒரு பெட்டி இருக்கிறது, அதைக் கல்லூரி மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம்.

இப்படி ஒரு குடும்பம் வந்தது. அப்பா ஐடி, அம்மா வேலைக்குப் போகவில்லை, பையன் படிப்பில் கெட்டி. 25,000 டாலர் வரை சமாளிக்கலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தார்கள், பையனுக்கு அது தெரியாது. பையன் ஆசைப்பட்ட கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (வருமான விவரத்தைக் கொடுத்தால் குடும்பம் கட்ட வேண்டிய தொகையைத் தோராயமாகக் காட்டும் இணையக் கணக்கு) என் மேஜையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம், தொகை அதைப் போல இரண்டு மடங்காக வந்தது. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பையன்தான், "இதை ஏன்பா என்கிட்ட சொல்லல?" என்றான். அந்தக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்கான உதவித்தொகையும் கிடையாது. எர்லி டிசிஷன் வேண்டாம் என்று முடிவானது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் உட்பட, சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாத இடங்களுக்கு அவன் விண்ணப்பித்தான், வசந்த காலத்தில் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கடையில் பில்லிங் கவுண்டரில் நிற்கும் அம்மா, ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு எர்லி டிசிஷன் போடச் சொன்னதே நான்தான். உதவியை வாரிக் கொடுக்கும் ஒரு சிறிய கல்லூரியின் கால்குலேட்டர் காட்டிய தொகை, எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆகும் செலவைவிடக் குறைவு. அம்மாவால் நம்பவே முடியவில்லை, மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார். மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும், முழுத் தொகையையும் யோசிக்காமல் கட்டக்கூடியவர்களுக்கும் இந்த வழி பெரும்பாலும் பொருந்துகிறது. நடுவில் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், என் அறைக்கு வரும் நம்மவர்களில் அதிகம் பேர் அந்த நடுவில் இருப்பவர்களே.

அப்புறம் ஹெச்-4 விசா பிள்ளைகள், அதாவது வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகள். மூன்று வயதில் வந்து இங்கேயே வளர்ந்தவர்கள், ஆனால் கிரீன் கார்டு வரிசை நகராததால் மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது, பல தனியார் கல்லூரிகள் உதவி விஷயத்தில் இவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே நடத்துகின்றன. பணம் கேட்டால் தேர்வு வாய்ப்பே குறையலாம். முதல் வருடம் கேட்காமல் விட்டுவிட்டு அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள், பல இடங்களில் அந்தக் கதவு மூடியே இருக்கும். ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் போல வெளிநாட்டு மாணவர்களிடமும் பண நிலையைப் பார்க்காமல் சேர்த்து முழுத் தேவையையும் கொடுக்கும் இடங்கள் மிகச் சில. எர்லி டிசிஷன் போடுவதாக இருந்தால் இந்தப் பிள்ளைகள் அந்தச் சில இடங்களிலிருந்து தேடத் தொடங்குவது நல்லது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் இருப்பது கட்டுப்படுத்தாத முன்கூட்டிய முறை, கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம்.

பணம் பத்தவில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். உண்மைதான், கொடுக்கும் உதவியில் படிக்க வழியில்லை என்றால் விடுவிக்கப்படலாம் என்று பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அது டிசம்பர் கடைசியில் நடக்கும். கையில் ஒப்பிட வேறு கடிதம் இருக்காது, ஜனவரி 1க்குள் மற்ற விண்ணப்பங்களை முடித்தாக வேண்டும், கனவு கண்ட கல்லூரி கிடைத்தும் வேண்டாம் என்று எழுத வேண்டிய நிலையில் பதினேழு வயதுப் பிள்ளை நிற்கும். அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்பதால் சொல்கிறேன், அந்த விதியை நம்பி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்போது என் பழக்கம் ஒன்றுதான். வருடத்துக்கு இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையைப் பெற்றோர் பிள்ளை எதிரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கால்குலேட்டர் காட்டிய தொகையை அச்செடுத்துக் கொண்டுவர வேண்டும், அதன் பிறகே ஒப்பந்தத்தைத் திறக்கிறேன். சொந்தத் தொழில், விவாகரத்து, வெளிநாட்டுச் சொத்து இருந்தால் கால்குலேட்டரை அப்படியே நம்ப முடியாது. அப்போது கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கே போன் போட்டு, விண்ணப்பிக்கும் முன் ஒரு மதிப்பீடு தர முடியுமா என்று கேட்கலாம். சில கல்லூரிகள் தருகின்றன. செப்டம்பரிலேயே கேளுங்கள், அக்டோபர் கடைசியில் அந்த அலுவலகங்களில் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.