கலந்துகொண்டவர்கள்

2002-ல் பெங்களூருவில் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்கில், செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கும் வேலையில் சேர்ந்தேன். சிவாஜிநகர் பக்கம், மாடியில் அலுவலகம். அரசியல், குற்றம், சினிமா எல்லாம் மூத்தவர்கள் கையில் இருந்தன. புதிதாக வந்த எனக்குத் தங்கவயல் பக்கத்தைக் கொடுத்தார்கள். யாரும் விரும்பி எடுத்துக்கொள்ளாத பக்கம் அது என்று பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் அதைப் பார்த்தேன். செய்தி என்றால் என்ன என்பதை அந்தப் பக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

கோலார் தங்கவயல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்ததிலிருந்து வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பிழைக்கப் போய், நாலு தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறின. கர்நாடகத்துக்குள் இருக்கும் ஊர்தான், ஆனால் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேட்பது பெரும்பாலும் தமிழ். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நான் பக்கத்துக்கு வந்தபோது மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு வந்து, செக்யூரிட்டி வேலையோ கட்டட வேலையோ பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிப் போவார்கள். இன்றும் அப்படித்தான்.

எங்கள் செய்தியும் அதே ரயிலில்தான் வந்தது. அங்கிருந்த பகுதிநேர நிருபர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. மூடும்போது கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். முதல் நாள் எழுதியதைக் கவரில் போட்டு, தெரிந்த பையன் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் எங்கள் ஆபீஸ் பையன் அதை வாங்கி வருவான். அவசரம் என்றால் போன். முழுத்தாளில் நீல மை, இரண்டு பக்கமும் எழுத்து. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், "ஏம்மா" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணா என்பேன்.

கவரில் என்ன இருக்கும்? லைன் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது. மாதா கோயில் தேர். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தது. உரிகத்தில் கால்பந்துப் போட்டி, ஆண்டர்சன்பேட்டையில் கண் பரிசோதனை முகாம், ஒரு லைனில் மூன்று நாளாகத் தண்ணீர் வராதது. காற்றடிக்கும் மாதங்களில் தவறாமல் ஒரு செய்தி, சயனைடு மண்மேடுகளிலிருந்து புழுதி கிளம்பி வீடுகளுக்குள் படிகிறது என்று. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு அது. முதல் வருடம் அதைப் பெரிதாகப் போட்டேன். இரண்டாம் வருடம் சின்னதாக. மூன்றாம் வருடம், "இது போன வருடமே வந்துவிட்டதே அண்ணா" என்றேன். "புழுதியும் போன வருசமே வந்துச்சும்மா. இந்த வருசமும் வந்திருக்கு" என்றார். சுரங்கத்துக்குள் கல் தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தவர்கள் நிறைந்த ஊர் அது. வெளியே வந்தும் தூசி அவர்களை விடவில்லை. அதன்பிறகு அந்தச் செய்தியை எந்த வருடமும் நான் தள்ளிப் போட்டதில்லை.

ஒவ்வொரு விழாச் செய்தியும் ஒரே மாதிரி முடியும். "இந்நிகழ்ச்சியில்..." என்று தொடங்கி இருபது, முப்பது பெயர்கள், அப்புறம் "ஆகியோர் கலந்துகொண்டனர்." டெஸ்கில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், இடம் பத்தவில்லை என்றால் கீழிருந்து வெட்டு என்பதுதான். முக்கியமானது மேலே இருக்கும், குறைந்தது கீழே இருக்கும். நானும் வெட்டினேன். தலைமை தாங்கியவர், சிறப்பு விருந்தினர், பேசியது இரண்டு வரி. அதோடு முற்றுப்புள்ளி. ஆறு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் போன்.

"ஏம்மா, பேரையெல்லாம் எங்க?"

"இடம் இல்லை அண்ணா. செய்தி முழுசாக வந்திருக்கிறதே."

"அந்தப் பேருதாம்மா செய்தி. கூழ் ஊத்துனது ஊருக்கே தெரியும், எல்லாரும் குடிச்சாங்க. யார் யார் நின்னு ஊத்துனாங்கன்னுதான் பேப்பர்ல பார்ப்பாங்க."

அப்போது எனக்கு இது பத்திரிகை விற்கும் தந்திரமாகத்தான் பட்டது. முப்பது பெயர் போட்டால் முப்பது வீட்டில் பேப்பர் வாங்குவார்கள், சரிதானே. அது எவ்வளவு குறைவான புரிதல் என்று ஒரு சாவுச் செய்தியால்தான் தெரிந்தது.

ஒரு நாள் மாலை ஏழரைக்கு அவர் போனில் சொன்னார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்குமேல் வேலை பார்த்தவர் காலமானார், மறுநாள் மாலை நாலு மணிக்கு இறுதிச் சடங்கு. பத்து வரி. எழுதி, பக்கத்தில் வைத்தேன். ஒன்பது மணிக்கு ஒரு பிரமுகரின் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் வந்தது, அரைப் பக்கம். நாலு செய்திகளை எடுத்தேன். அந்தப் பத்து வரியும் அதில் ஒன்று. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த ஞாபகம் இருக்கிறது. மறுநாள் நாலு மணிக்குச் சடங்கு என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை.

நாலாம் நாள் இறந்தவரின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். வேலைக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தார், கையில் சாப்பாட்டுப் பை.

"மேடம், எங்கப்பா செய்தி எந்தத் தேதில வந்துச்சு? ரெண்டு பேப்பர் வேணும். அன்னைக்கு சாவு வீட்டுல பேப்பர் பார்க்க முடியல."

ஃபைலைப் புரட்டுவது போலப் புரட்டினேன். வரவில்லை என்று எனக்குத் தெரியும். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அதான் யாரும் வரலியா" என்றார். "அப்பாகூட ஒரே ஷிஃப்ட்ல இருந்தவங்க பத்துப் பதினஞ்சு பேரு இங்க கே.ஆர்.புரம், லிங்கராஜபுரம்னு பசங்களோட வந்துட்டாங்க. எல்லாரும் உங்க பேப்பர்தான் பார்ப்பாங்க. ஏன் ஒருத்தரும் வரலன்னு அம்மா கேட்டுக்கினே இருந்தாங்க."

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, கொதிக்கும் பாறைக்குள் ஒன்றாக வேலை செய்தவர்கள் அவர்கள். பாறை வெடிப்பில் ஒருவரை ஒருவர் இழுத்து வெளியே போட்டவர்கள். சுரங்கம் மூடிச் சிதறிப்போன பிறகு அவர்களை இணைத்துவைத்தது, எட்டாம் பக்கத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து காலம் (நெடுக்குப் பத்தி) செய்திதான். அன்றைக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்காக அதை நான் அறுத்துவிட்டேன். பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்னால் படத்துடன், நேரம் இடம் போட்டு, விளம்பரக் காசு வாங்காமல் அஞ்சலி வெளியிட்டோம். ஆசிரியரிடம் நான்தான் கேட்டேன், அவரும் மறுக்கவில்லை. "பெங்களூரு கோஷ்டி ரயில்ல வந்துச்சும்மா" என்று அண்ணா போனில் சொன்னார். ஆனால் அடக்கத்தன்று அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யாரால் திருப்பித் தர முடியும்?

அன்றிலிருந்து என் பக்கத்தில் சாவுச் செய்தியைத்தான் முதலில் வைப்பேன். எந்த விளம்பரம் வந்தாலும் அது நகராது. பெயரோடு என்ன வேலை பார்த்தார், எந்தச் சுரங்கம், எந்த லைன் என்பதும் கண்டிப்பாக இருக்கும். ஒரே லைனில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். சுரங்கத்துக்குள் மரத்தாங்கு கொடுக்கும் டிம்பர்மேனா, ஆட்களை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜின் டிரைவரா என்று போட்டால்தான் யார் போனது என்று கே.ஆர்.புரத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

விளம்பரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளூர் நிருபருக்குச் சம்பளம் கிடையாது. அச்சாகிற செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, அவ்வளவுதான். அவர் வாழ்வது விளம்பரக் கமிஷனில். விளம்பரம் தருகிறவரைப் பற்றித்தான் செய்தியும் எழுத வேண்டும் என்ற நெருக்கடி எல்லாச் சின்ன ஊரிலும் உண்டு. தண்ணீர் வராததற்கு யார் காரணமோ அவரிடமே பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். எங்கள் அண்ணா இரண்டையும் செய்தார். விளம்பரமும் வாங்கினார், தண்ணீர்ச் செய்தியும் எழுதினார். சில வருடம் விளம்பரம் நின்றது, கமிஷனும் போனது. அதை ஒரு குறையாக அவர் என்னிடம் சொன்னதில்லை. நிறுவனம் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதும்போதெல்லாம் கடைசியில் ஒரு பத்தி சேர்ப்பார். சிவனசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது, பெங்களூருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான் என்று. கீழிருந்து வெட்டும்போது முதலில் போவது அதுதான். ஒரு முறை விட்டுவைத்தேன். மறுநாள் அல்சூரிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் வயதான வாசகர்கள் கூப்பிட்டார்கள். "எங்க ஊரும்மா அது" என்று ஒருவர் ரொம்ப நேரம் பேசினார்.

நான் அந்த ஊருக்கு முதன்முதலாகப் போனது சேர்ந்து மூன்றாம் வருடம். முன்பே போயிருக்க வேண்டும். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நான் தினமும் தலைப்பில் அடிக்கும் பெயர்கள் ஸ்டேஷன் பலகைகளாக வந்தன. சாம்பல் நிற மண்மேடுகள் தட்டையாக, வீடுகளுக்குப் பின்னால் மலை மாதிரி நின்றன. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தாழ்ந்த கூரை, அதுதான் லைன் வீடு. அண்ணா அழைத்துப் போன ஒரு வீட்டில் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் எங்கள் பேப்பரின் துண்டு ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு கால்பந்துப் போட்டிச் செய்தி. பரிசு வாங்கிய அணியின் பதினோரு பெயர்களில் ஒன்றின் கீழ் பேனாவால் கோடு. அந்தப் பையன் அப்போது துபாயில் இருந்தான். அவன் அம்மா கோட்டைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மகன் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

திரும்பும்போது ஸ்டேஷனில் அண்ணா ஒன்று சொன்னார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் ஆரம்பித்த 'ஒரு பைசாத் தமிழன்' பின்னால் 'தமிழன்' ஆனது. 1914-ல் அவர் மறைந்தபிறகு, பிற்காலத்தில் அது தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. "சுரங்கக்காரங்க பத்திரிகை நடத்துன ஊரும்மா இது. நான் அனுப்புறது துண்டுச் செய்திதான். ஆனா அவங்க வழியில வந்தது" என்றார். அந்த ஊர் ஏன் பேப்பரில் தன் பெயரை அவ்வளவு கவனமாகத் தேடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வருடப் பெயர்ப் பட்டியல்களில் ஊர் மாறியதும் தெரிந்தது. ஆரம்பத்தில் பெண்கள் கணவர் பெயரில்தான் வருவார்கள், திருமதி இன்னார் என்று. 2010 வாக்கில் அவர்கள் சொந்தப் பெயரில் வந்தார்கள், மகளிர் குழுச் செயலாளர், பொருளாளர் என்ற பொறுப்புடன். பெயருக்கு முன்னால் 'பெங்களூரு வாழ்' என்ற அடைமொழி கூடியது. திருவிழா நன்கொடையாளர்களில் ஓசூர், சென்னை, குவைத் எல்லாம் சேர்ந்தன. ஊரிலேயே இருப்பவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்தார்கள். புள்ளிவிவரம் எடுத்துச் சொல்லவில்லை, பெயர் அடித்த விரல் சொல்கிறது.

இப்போது வாட்ஸ்அப். தங்கவயலுக்குத் தனிப் பக்கம் இல்லை, மாவட்டச் செய்திகளோடு ஒன்றரைக் காலம். நான் வேறு பொறுப்புக்கு மாறிவிட்டேன், ஆனாலும் எழுபது வயதைத் தாண்டிய அண்ணா டெஸ்க்குக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு குரல் செய்தி போடுவார். பெயர்களை ஒவ்வொன்றாக, எழுத்துப் பிசகாமல் இருக்க இழுத்து இழுத்துச் சொல்லுவார். சின்ன ர வா, பெரிய ற வா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

போன வாரம் ஒரு லைன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். இருபத்திரண்டு பெயர் அனுப்பியிருந்தார். டெஸ்கில் இருக்கும் பெண் புதிது. பத்துப் பெயருக்குத்தான் இடம் இருக்கிறது, யாரை எடுக்கட்டும் என்று என்னிடம் வந்தாள். பக்கத்தைப் பார்த்தேன். சிறப்பு விருந்தினர் மாலையுடன் நிற்கும் படம் ஒன்று இரண்டு காலத்துக்கு இருந்தது. படத்தை எடுக்கச் சொன்னேன்.

இருபத்திரண்டும் வந்தது.