பத்தியம்

மே 11
கடைசி மாத்திரை. மனச்சோர்வுக்காகச் சாப்பிட்ட ஃப்ளூவோக்செடின் உடம்பை விட்டுப் போக 5 வாரம் ஆகும் என்றார் டாக்டர். பெருவின் அமேசான் காட்டுக்குப் போய் நான் குடிக்கப் போகும் அயவாஸ்கா என்ற கொடிக் கஷாயத்தில் ஹார்மின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் உடம்பில் செரடோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். நான் போவதில் அவருக்குச் சம்மதமில்லை. "எனக்குத் தெரியாம மட்டும் நிறுத்திடாதீங்க" என்று ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். குறைத்துக் குறைத்து இன்றைக்கு நின்றது.

மே 14
தூக்கமில்லை.

மே 20
கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. 10 நாள் கழித்துத்தான் செல்லுபடி. அட்டையை பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். அது இல்லாமல் பெருவிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். திரும்பி வருவதற்கான காகிதம் முதலில் கைக்கு வந்தது தைரியமாக இருக்கிறது.

மே 28
கட்டில் முழுக்கப் பரப்பியாயிற்று. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை நான்கு. மணமில்லாத சோப்பு. ரப்பர் பூட்ஸ். ஈரத்துக்கு ஜிப் கவர், சிலிக்கா ஜெல். நெற்றியில் கட்டும் டார்ச். அதில் சிவப்பு வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும். மருந்து குடிக்க எல்லாரும் கூடி உட்காரும் மலோக்கா குடிலில் மெழுகுவத்தியை அணைத்துவிட்டால் அப்புறம் நாலைந்து மணி நேரம் இருட்டுதான். வெள்ளை வெளிச்சம் அடித்தால் மற்றவர்களுக்குக் கூசும்.

மருந்து குடித்தால் வரும் வாந்தி பயமில்லை. பாம்புகூட இல்லை. இருட்டு. இரண்டு வருடமாக விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறேன். பக்கத்தில் ஆள் இருக்கும், பாட்டு இருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். மனது கேட்கவில்லை.

ஜூன் 3
இருட்டில் 4 நிமிடம்.

ஜூன் 7
பன்றி இறைச்சி, மது, நாள்பட்ட சீஸ், சோயா சாஸ் கூடாது. நம் வீட்டில் இதெல்லாம் ஏது? ஆனால் ஊறுகாய் போயிற்று, புளித்த மாவு போயிற்று. உப்பு, காரம், சர்க்கரையும் குறைய வேண்டும். இன்று தோசையைத் தள்ளி வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். அங்கே ஒரு மருந்து குடிக்கப் போகிறேன், அதற்காக என்று இழுத்தேன்.

"பத்தியம்னு சொல்லேன்."

இந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை அங்கே டியெட்டா என்பார்கள். ஒரு மாதமாக அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவள் அவள். அவனோடு வீடே உப்பில்லாமல் சாப்பிட்டோம்.

யார் தருவார்கள் என்று கேட்டாள். அந்தக் காட்டுப் பழங்குடியான ஷிபிபோ இனத்துப் பாட்டி ஒருத்தி. கொடியையும் சக்ருனா இலையையும் மணிக்கணக்கில் காய்ச்சி, இக்காரோ என்ற சடங்குப் பாட்டைப் பாடிக் கொடுப்பார்கள்.

"அவங்களும் பத்தியம் இருந்தவங்களா?"

"வருஷக்கணக்கா, ம்மா."

அது போதும் அவளுக்கு. மருந்தின் பெயரைக் கேட்டாள். அயவாஸ்கா என்றேன். கெச்சுவா மொழியில் இறந்தவர்களின் கொடி என்று பொருள். அதைச் சொல்லவில்லை.

ஜூன் 8
11 நிமிடம். நடுவில் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை.

ஜூன் 12
நான் போய் இறங்கும் இக்கிடோஸ் நகரத்தைப் பெருவின் மற்ற நகரங்களோடு இணைக்கும் சாலையே கிடையாது. விமானம், இல்லாவிட்டால் ஆறு. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், காட்டைத் தாண்டி வெளியே போகும் ஒரு கோடு எங்காவது தெரியாதா என்று. அங்கிருந்தும் படகில் போக வேண்டும். நடு ராத்திரி கிளம்பி ஓடிவர வழியில்லை. நேற்று வரை அதை யோசிக்கவேயில்லை, இன்று வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

ஜூன் 15
5 வாரம். டாக்டர் போனில் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். உண்மையைச் சொன்னேன். நேரில் வரச் சொன்னார்.

ஜூன் 16
மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால் பயணம் கிடையாது. முடிவு உங்களுடையது என்றார், ஆனால் அங்கே தரும் படிவத்தில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. ராத்திரி உட்கார்ந்து முழுக்க எழுதினேன். மாத்திரை, அளவு, நிறுத்திய தேதி. தம்பியின் பெயரையும்.

ஜூன் 17
இருட்டில் உட்காரவில்லை.

ஜூன் 18
பை 16 கிலோ. தம்பியின் போர்வையை அம்மா மேலாக வைத்திருக்கிறாள். எடுத்தேன். திரும்ப வைத்தேன். டார்ச்சுக்கு பேட்டரி இன்னும் வாங்கவில்லை.