கால்ல எங்க?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நர்ஸாகச் சேர்ந்த இரண்டாவது மாதம். காலை மருந்து கொடுக்கப் போனபோது, 86 வயதுப் பாட்டி ஒருவர் "ஃபூஸ்" வலிக்கிறது என்றார். நான் படித்த ஜெர்மனில் ஃபூஸ் என்றால் பாதம். போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் பார்த்தேன். வீக்கம் இல்லை, புண் இல்லை. விரல்களை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். பாதத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

வலி தொடையில் இருந்தது. மதிய ஷிஃப்டுக்கு வந்த மூத்த நர்ஸ் அந்த ஊர்க்காரர். இடுப்பிலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்கினார். நடுத்தொடையில் பாட்டி முகம் சுளித்தார். "எங்கள் வட்டார வழக்கான ஷ்வேபிஷ் பேசுகிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே ஃபூஸ்தான்" என்று அந்த நர்ஸ் என்னிடம் சொன்னார். டாக்டர் வந்து பார்த்தார். தசைப் பிடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஐந்து மணி நேரம் அவர் வலியோடு கிடந்திருக்கிறார். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் தமிழிலும் இதே கதைதானே! மார்த்தாண்டத்தில் ஒருவர் "கால் வலிக்குது" என்றால், "கால்ல எங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். தொடையும் கால்தான், பாதமும் கால்தான். பக்கத்து மலையாளத்திலும் அப்படியே. பல வருடம் தினமும் கேட்ட கேள்வியை இங்கே ஏன் கேட்கவில்லை? ஜெர்மன் பேசும்போது தமிழை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டதுதான் காரணம்.

நர்ஸ் வேலைக்கு அங்கீகாரம் வாங்க ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 என்ற நிலை வரை தேற வேண்டும். சென்னையில் அதற்காக ராப்பகலாகப் படித்தேன். வகுப்பில் சொல்லித் தந்ததெல்லாம் ஹோஹ்டாய்ச், அதாவது பொது ஜெர்மன். இந்த பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமே 1999இலிருந்து 2021 வரை "எங்களால் எல்லாம் முடியும், ஹோஹ்டாய்ச் தவிர" என்று தன்னை விளம்பரம் செய்துகொண்டதாம். அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் லேசானது. மேடைத் தமிழ் மட்டும் படித்துவிட்டு எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தால் யாருக்கும் திணறத்தான் செய்யும்.

எண்கள் வேறொரு பாடு. 64 என்பதை இவர்கள் "நாலும் அறுபதும்" என்பார்கள். ஷிஃப்ட் மாறும்போது இரத்த அழுத்தம், சர்க்கரை, அறை எண் எல்லாம் வேகமாக வரும். நாலு என்று காதில் விழுந்ததுமே கை 4 எழுதிவிடும், அது 46 ஆகிவிடும். மருந்து அளவில் அப்படி ஆனால் என்னாவது? அதனால் எண் முழுதாக முடியும்வரை பேனாவைத் தாளில் வைப்பதில்லை. எழுதியதைத் தனித்தனி இலக்கமாக, ஆறு, நாலு என்று, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வேன். மணியும் அப்படித்தான். "ஹால்ப் த்ரை", அதாவது அரை மூன்று என்றால் இரண்டரை. நாம் இரண்டு கடந்து அரை என்கிறோம், அவர்கள் மூன்றை நோக்கி அரை என்கிறார்கள். அந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு குழப்பமில்லை.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். பொது ஜெர்மனில் தரைவிரிப்பைக் குறிக்கும் 'டெப்பிஷ்', இங்கே வயதானவர்கள் வாயில் கம்பளிப் போர்வை. 'ஹேபன்' என்றால் தூக்குவது என்று படித்தேன், இங்கே பிடித்துக்கொள்வது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழில்தான் அர்த்தம் எழுதினேன். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

அடுத்த வாரம் அதே பாட்டியை நடக்க வைக்கக் கூப்பிட்டார்கள். பாட்டி என்று இங்கே கூப்பிட முடியாது, அது மரியாதைக் குறைவு. குடும்பப் பெயருக்கு முன்னால், நம் திருமதி மாதிரி, ஃப்ராவ் போட்டுத்தான் அழைக்க வேண்டும். மனசுக்குள் மட்டும் பாட்டி. முதலில் "ஃபூஸில் எங்கே வலிக்கிறது?" என்று கேட்டேன். என் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, இப்போது பரவாயில்லை என்றார். கட்டில் ஓரத்திலிருந்து எழுந்தவர் லேசாகத் தள்ளாடி, "ஹேப்" என்றார். நான் தூக்கவில்லை. முழங்கைக்குக் கீழே கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வரை நடந்தோம்.