அம்மாவும் கவாத்துக் கத்தரியும்: கொல்லைப்பக்க நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2024

ஆடிப்பெருக்கு. அம்மா உள்ள புளிசாதம் கிளறிட்டு இருந்த நேரமா பாத்து முருங்கைய இடுப்பு ஒசரத்துக்கு அறுத்துட்டேன், ரம்பம் சத்தம் கேட்டு கரண்டியோட ஓடி வந்து "நல்ல நாளும் அதுவுமா மரத்த மொட்டையடிக்கிறியே, வெளங்குமா"ன்னு ஒரே பாட்டு. இது பிகேஎம்-1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில இருந்து 1989ல வந்த ரகம், விதை போட்ட ஆறு மாசத்துலயே காய்க்க ஆரம்பிச்சிரும், ஆனா காய்ச்சு ஓஞ்சதும் தரையில இருந்து மூணு அடி விட்டு மிச்சத்த எறக்கிறணும், நாலஞ்சு மாசத்துல புதுக்கொப்பு காய் பிடிக்கும். விட்டுட்டா மேல மேல போயிட்டே இருக்கும், அப்பறம் ஒரு காய் பறிக்க தொரட்டி தேடணும். அதுபோக ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், வைரமே பாயாத முருங்கைக் கொப்பு எம்மாத்திரம். வெட்டுவாய்ல தண்ணி எறங்காம சாணி அப்பிவிட்டாச்சு. கீரை தெருவுல பாதி வீட்டுக்கு போச்சு, அம்மா இன்னும் பேசல.

22 ஆகஸ்ட்

மாமரம். மொத்த எடமே ஒன்றரை சென்ட், அதுல மா, கொய்யா, சீத்தா, எலுமிச்ச, நாரத்தன்னு எல்லாம் நிக்கணும்னா எதையும் அது இஷ்டத்துக்கு வளர விட முடியாது. மாவுக்கு காய் எறங்குன கையோட வெட்டிறணும், ஆகஸ்ட்டத் தாண்டக்கூடாது. ஏன்னா அது முத்துன கொப்போட நுனியிலதான் பூக்கும், இப்ப வெட்டுனா துளுத்து, மழைல வளந்து, தைக்குள்ள முத்தி நிக்கும், அதை விட்டுட்டு கார்த்திகைல போய் கத்தரிய வச்சா அந்த வருஷத்து பூவத்தான் வெட்டுறோம். உள்ளுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ஓடுனது, காஞ்சது எல்லாம் போச்சு. ஒட்டு போட்ட எடத்துக்கு கீழ இருந்து ஒரு துளிர் தளதளன்னு வந்திருக்கு, அம்மாவுக்கு அதுதான் செல்லம், "நல்லா வர்றத ஏன்டா வெட்டுற"ன்னு கேக்குது. அது அடிக்கன்னோட துளிர்ம்மா, விட்டா மேல இருக்க நம்ம ரகத்த அமுக்கிட்டு அது மட்டும் மரமாயிரும்னு சொன்னேன். நம்பல.

6 அக்டோபர்

கருவேப்பிலைல பறவை எச்சம் மாதிரி கருப்பு வெள்ளையா என்னமோ ஒட்டிருந்துச்சு, தொட்டா நகருது. எலுமிச்ச பட்டாம்பூச்சியோட புழு. கருவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம்ங்கறதால ரெண்டுலயும் முட்டை வைக்கும், பெருசானா பச்சைக் கலருக்கு மாறிடும், சீண்டுனா தலையில இருந்து ஆரஞ்சு கலர்ல கொம்பு மாதிரி நீட்டி ஒரு நாத்தம் விடும் பாருங்க. சின்னச் செடின்னா ரெண்டு நாள்ல மொட்டை. அம்மா கொல்ல விடமாட்டேங்குது, அதனால ஒரு ஒப்பந்தம்: எல்லாத்தையும் பெரிய நாரத்த மரத்துக்கு குடிமாத்தம். அது தாங்கும்.

அம்மா கருவேப்பிலைய அடியில இருந்து ஈர்க்கு ஈர்க்கா உருவுறத மட்டும் நிறுத்த முடியல. நுனியோட சேத்து கொத்தா ஒடிச்சா அந்த எடத்துல ரெண்டா கிளைக்கும், அடியில உருவுனா ஒத்தக் குச்சியா மேலதான் போகும், இத எத்தனவாட்டி சொல்றது.

ஈரம் இருக்கும்போதே தவசிக்கீரைக் குச்சியும் வேலியோரமா ஊனியாச்சு. மல்டிவைட்டமின் கீரைன்னு சொல்லி விக்கிறாங்களே அதேதான். குச்சி வச்சாலே வரும், அப்பப்ப இடுப்பளவுக்கு ஒடிச்சுட்டே இருந்தா வருஷக்கணக்குல கீரை. ஒண்ணு மட்டும், சமைச்சு அளவா சாப்பிடணும், ஜூஸ் வேணாம். தைவான்ல 1990கள் நடுவுல எடை குறையணும்னு இதை பச்சையா அரைச்சு வாரக்கணக்கா குடிச்சவங்க நிறைய பேருக்கு மூச்சுக்குழாய் கெட்டுப்போயி, சிலருக்கு நுரையீரலே மாத்த வேண்டி வந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா குச்சி கேட்டு வந்தாங்க, இதையும் சொல்லித்தான் குடுத்தேன், கொஞ்சம் மெரண்டுட்டாங்க, ஆனா குச்சிய வாங்கிட்டுப் போயிட்டாங்க.

17 நவம்பர்

மழை. முருங்கைத் தண்டுல கம்பளிப்பூச்சி கூட்டங்கூட்டமா அப்பிக் கிடக்கு. ராத்திரிதான் மேல ஏறித் திங்கும், பகல்ல இப்படி ஒரே எடத்துல கெடக்கறதுதான் நமக்கு வசதி. குச்சியில துணி சுத்தி கொளுத்தி பட்டை வேகாம மேலாப்ல காட்டுனேன். இதுக்கு அம்மா ஒண்ணும் சொல்லல! கம்பளிப்பூச்சி மட்டும் பாவம் இல்லையாம்.

2 பிப்ரவரி 2025

முருங்கை காய் எறங்க ஆரம்பிச்சாச்சு, ஒவ்வொண்ணும் ரெண்டு அடிக்கு மேல, நின்ன எடத்துல இருந்தே கையால பறிக்கலாம். "எல்லாம் நான் ஊத்துன அரிசி கழுவுன தண்ணியாலதான்"னு அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கு, சரி இருக்கட்டும்.

மாவுல பூ. சீத்தா இலையெல்லாம் கொட்டிட்டு குச்சியா நிக்குது, இதுதான் அதுக்கு கத்தரி போட நேரம், ஏன்னா அடுத்து வர்ற புதுத் துளிரோடயே பூவும் வரும்.

11 மே

சீத்தா பூத்துக் கொட்டுது, பிஞ்சு மட்டும் நிக்கல. இந்த பூ மொதல்ல பொண்ணா இருக்கும், அப்பறம்தான் ஆணா மாறி மகரந்தம் விடும், ஒரே பூவுல ரெண்டும் ஒரே நேரத்துல சேராது, பூவுக்குப் பூ போய் வர்ற வேலைய ரொம்ப சின்ன வண்டுங்கதான் பாக்கணும், வெயில் காலத்துல அதுங்க நம்ம பக்கம் எட்டிக்கூட பாக்குறதில்ல. அதனால சாயங்காலம் இதழ் நல்லா விரிஞ்ச பூவ பறிச்சு கிண்ணத்துல வச்சு, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அதுல உதுர்ற தூள பெயின்ட் பிரஷ்ல தொட்டு பாதி தெறந்த பூவுக்குள்ள தடவுறேன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு.

25 மே

கொய்யா. இது அப்பா வச்ச மரம், இதுல கத்திய வச்சா அம்மா நெசமாவே பேசாது, நானும் கேக்கல. ஆனா கொய்யா புதுத் துளிர்லதான் பூக்கும், துளுக்க வைக்க ஏதாச்சும் பண்ணியாகணும். வெட்டாம வளைச்சுக் கட்டுற வழி ஒண்ணு இருக்கு: நேரா மேல போற கொப்ப வளைச்சு, நுனி இலைய மட்டும் விட்டுட்டு நடுவுல இருக்கறத உருவிட்டு, கயித்துல செங்கல் கட்டி எறக்கி விட்டுறணும். நுனி அடங்குனா பக்கத்துக் கணு எல்லாம் முழிச்சுக்கும். மெதுவா வளைக்கணும், டக்குனு இழுத்தா கிழிஞ்சிரும். கயித்த அம்மாதான் பிடிச்சுச்சு.

15 ஜூன்

வளைச்ச கொப்பு நெடுக துளிர், கணுவுல அங்கங்க மொட்டும் தெரியுது. இனி மழைக்கு வர்ற காயில பழ ஈ குத்தும். மெத்தில் யூஜினால்ங்கற வாசனை மருந்து வச்ச பொறி ஆண் ஈயத்தான் இழுக்கும், அதை மட்டும் நம்ப முடியாது, எலுமிச்ச சைஸ் வந்ததும் ஒவ்வொரு காய்க்கும் பை கட்டணும், கீழ விழுந்த பழத்த அன்னன்னைக்கே பொறுக்கி ஆழமா பொதைக்கணும். பழைய வேட்டியக் கிழிச்சு பை தைக்கிற வேலைய அம்மா எடுத்துக்குச்சு, கயிறு கட்டுனதுல துணி காயப்போட எடமில்லன்னு ஒரு பக்கம் திட்டிக்கிட்டே.