குறையை எங்களிடம் சொல்லுங்கள்

"ஓட்டல் சுவர்ல 'நிறை இருந்தால் நண்பர்களிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்'னு போர்டு மாட்டியிருக்காங்களே, அதைத்தானே சார் நானும் கேக்கிறேன்? அதுல என்ன தப்பு?"

ஏலச் சீட்டு நடத்துபவர்களுக்கான கணக்கு ஆப் ஒன்றின் உரிமையாளர் கேட்டது. அவர் கேட்ட மாற்றம் சின்னது. ஸ்டோரின் ரேட்டிங் பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு திரை. அதில் சிரித்த முகம் ஒன்று, சுளித்த முகம் ஒன்று. சிரித்த முகத்தைத் தொட்டால் நேரே ரேட்டிங் பெட்டி. சுளித்த முகத்தைத் தொட்டால் அவருடைய வாட்ஸ்அப். அரை நாள் வேலை. "கூகுள் அதற்கு விடுவதில்லை" என்று பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனால் அவர் கூகுள் விடுமா என்று கேட்கவில்லை, என்ன தப்பு என்று கேட்டார்.

விதியில் மயக்கம் எதுவும் கிடையாது. ஆப்பை விட்டு வெளியேறாமலே ஸ்டார் போட வைக்கும் கூகுளின் இன்-ஆப் ரிவியூ வசதி 2020 ஆகஸ்டில் வந்தது. அதன் வழிகாட்டி, ரேட்டிங் பெட்டிக்கு முன்போ அது திரையில் இருக்கும்போதோ பயனரிடம் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்கிறது. 'ஆப் பிடித்திருக்கிறதா?', 'ஐந்து ஸ்டார் தருவீர்களா?' இரண்டையும் உதாரணம் காட்டியே விலக்குகிறது. பட்டன் வைத்துப் பெட்டியை வரவழைக்கவும் கூடாது. ஒரு பயனருக்கு எத்தனை முறை காட்டலாம் என்பதற்குக் கோட்டா உண்டு, அதன் அளவைக் கூகுள் வெளியே சொல்வதில்லை. கோட்டா தீர்ந்தபின் பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பயனர் ஸ்டார் கொடுத்தாரா, மூடிவிட்டுப் போனாரா என்பதும் ஆப்புக்குத் தெரியவராது. ஆப்பிளில் ஒருவருக்கு 365 நாளில் மூன்று முறைதான். சொந்தமாகச் செய்த பெட்டிக்கு இடமில்லை. ஆப்பை எழுதும்போது ஓட்டிப் பார்க்கும் டெவலப்மென்ட் பில்டில் பெட்டி ஒவ்வொரு தடவையும் வரும், வெளியிடும் முன் சிலருக்குக் கொடுத்துச் சோதிக்கும் டெஸ்ட்ஃப்ளைட்டில் வரவே வராது. "பெட்டி வரலையே" என்று வரும் புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டாருக்கு ஏன் இந்தத் தவிப்பு என்று அவரைக் குறை சொல்ல முடியாது. 2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் ஸ்டோர் திறந்தபோது இருந்தவை ஏறத்தாழ 500 ஆப்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கலாம். 2013-இல் இரண்டு பெரிய ஸ்டோர்களும் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. இடையில் 2012-இல் ஆப்களைத் தேடித் தரும் 'சாம்ப்' நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. 2013 ஏப்ரலில், ஆப்களைப் பரிந்துரைப்பதையே தொழிலாக வைத்திருந்த 'ஆப்கிராட்டிஸ்' ஆப்பைத் தன் ஸ்டோரிலிருந்து தூக்கியது. வெளியிலிருந்து வழிகாட்ட இருந்தவர்கள் குறைந்தார்கள். ஸ்டோரின் தேடல் பெட்டிதான் வாசல் என்றாயிற்று. 2016 அக்டோபரில் அந்தத் தேடலிலேயே விளம்பரம் வந்தது, முதலில் அமெரிக்காவில்.

விளம்பரத்துக்குக் காசில்லாதவர் கையில் மிஞ்சுவது பெயர், விவரிப்பு, ஸ்டார். பிளே ஸ்டோரில் பெயருக்கு 30 இடம். 'ஏலச் சீட்டு கணக்கு' நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. கணினி அதைப் புள்ளி, கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 18 என்று எண்ணும். ஆப்பின் சொந்தப் பெயருக்கு 12 மிச்சம். அப்படியே வைத்தாலும், சீட்டுப் பிடிக்கிறவர்களில் பலர் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆக, பாரம் முழுக்க ஸ்டார் மேல். 2019 முதல் பிளே ஸ்டோரின் சராசரி அண்மை ரேட்டிங்குகளுக்குக் கூடுதல் எடை தருகிறது. 2021 நவம்பரிலிருந்து போனில் தெரிவது அந்தந்த நாட்டுக்காரர்கள் கொடுத்த ரேட்டிங். சின்ன ஆப்புக்கு இந்த வாரம் நாலு பேர் ஒரு ஸ்டார் போட்டால் அது உடனே உறைக்கும்.

முகங்களுக்குப் பதிலாக நான் சொன்ன வழி, பெட்டியை எப்போது காட்டுவது என்பதை மாற்றுவது. மாத ஏலம் முடிந்து, கழிவு பிரிந்து, இருபது உறுப்பினருக்கும் ரசீது போய், 'இம்மாதக் கணக்கு முடிந்தது' என்று வரும் திரை இருக்கிறதே, அதற்குப் பிறகு. ஆப்பைப் போதிய அளவு பயன்படுத்திப் பார்த்தவரிடம் கேள் என்றுதான் கூகுளும் சொல்கிறது. விதிப்படி சுத்தமான யோசனை.

சுத்தமா? ஒரு ஸ்டார் போட்டவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரசீது அனுப்பினா போன் நின்னுடுது." இருபது பி.டி.எஃப். ரசீதுகளையும் ஆப் தன் மெயின் த்ரெட்டிலேயே, அதாவது திரையையும் தொடுதலையும் கவனிக்க வேண்டிய வரிசையிலேயே, தயாரித்துக்கொண்டிருந்தது. தொடுதலுக்கு ஐந்து வினாடி பதில் வராவிட்டால் ஆண்ட்ராய்டு அதை 'ஏ.என்.ஆர்.' (ஆப் பதிலளிக்கவில்லை) என்று குறித்துக்கொள்ளும். 2 ஜி.பி. ராம் உள்ள போன்களில் அது தவறாமல் நடந்தது. அப்படி நின்றுபோன போன்காரர் 'கணக்கு முடிந்தது' திரையை எட்டவே மாட்டார். பெட்டி அவர் கண்ணில் படாது. சுளித்த முகம் செய்திருக்கும் வேலையை அந்தத் திரையும் செய்கிறது. கேள்வி கேட்டு ஆளைப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். நின்றுபோன போன்காரர் தானாகவே ஸ்டோருக்குப் போய் எழுதினார். எழுதியதால்தான், ஆப் செய்பவர்களுக்குக் கூகுள் தரும் பிளே கன்சோல் பக்கத்தில் அந்த ரிவியூவோடு போன் மாடல், ராம், ஆண்ட்ராய்டு பதிப்பு மூன்றும் தெரிந்தன, கோளாறு பிடிபட்டது, ரசீது வேலை பின்னணிக்கு நகர்ந்தது. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவே "ஆப் சரியில்லை" என்ற ஒரு வரிதான் கிடைத்திருக்கும். தவிர, ஏ.என்.ஆர். விகிதம் 0.47 சதவீதத்தைத் தாண்டினால் பிளே ஸ்டோர் ஆப்பை முன்னால் காட்டுவதைக் குறைத்துவிடக்கூடும். ஸ்டாரைக் காப்பாற்றினாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஸ்டோரில் ஒரு ரிவியூவுக்குப் பதில் எழுத 350 இடம்தான், வாட்ஸ்அப்பில் என்றால் நேரிலேயே பேசித் தீர்த்துவிடுவேன் என்றார். அதுவும் உண்மை. பயனருக்கு அதுதான் நல்லது. இன்ஸ்டால் செய்யலாமா என்று வெளியே நின்று ஸ்டாரைப் பார்க்கிறாரே, அவருக்குத்தான் நல்லதல்ல. ஓட்டல் போர்டைப் படிப்பவர் சாப்பிட்டு முடித்தவர், ஸ்டாரைப் பார்ப்பவர் இன்னும் உள்ளே வராதவர் என்ற பதில் எனக்குப் பிறகுதான் தோன்றியது. அதையும் முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன். போர்டு சொல்லும் நண்பர்களும் உள்ளே வராதவர்கள்தானே. அந்த இரண்டு முகங்களை இன்றும் எத்தனையோ ஆப்களில் காணலாம்.

ரசீதுக் கோளாறு தீர்ந்து புதிய பதிப்பு போன பிறகு அவரே அழைத்தார்.

"சார், அந்தப் பெட்டியை முதல் மாசக் கணக்கு முடிஞ்சதும் காட்டுறோம்ல? மூணாவது மாசம் முடிஞ்சதும்னு வச்சுக்கலாமா? மூணு மாசம் ஓட்டினவன் எப்படியும் அஞ்சு ஸ்டார்தான் போடுவான்."

எத்தனையாவது மாதம் என்பது ரிமோட் கான்ஃபிகில், அதாவது இணையம் வழியே தூரத்திலிருந்து மாற்றக்கூடிய அமைப்பில், உள்ள ஒரு எண், புதிய பதிப்புகூட வேண்டியதில்லை. விதியிலும் அதற்குத் தடை இல்லை. மாற்றலாம் என்றேன்.